நாணின் ஓசையைத் தணிப்பது எப்படி?

கேள்வி: என்னுடைய 60 அங்குல மர ரிகர்வ் வில்லின் (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்) இழுவிசை 45 பவுண்டு. அம்பை விட்டதும் நாண் உரக்க ஒலிப்பதோடு பிடியிலும் அதிர்வு தெரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: அம்பு எடுத்துச் செல்லாத ஆற்றலே வில்லில் தங்கி ஒலியாகவும் அதிர்வாகவும் வெளிப்படுகிறது என்பதால், முதலில் அம்பின் எடையைப் பாருங்கள். இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 9 கிரெய்ன் (அம்பின் எடையை அளக்கும் சிறிய அலகு) என்ற கணக்கில் சுமார் 405 கிரெய்ன், அதாவது 26 கிராம் எடையுள்ள அம்பு உங்கள் வில்லுக்குப் பொருந்தும். மிக இலேசான அம்பு வேகமாகப் பறந்தாலும் வில்லை வருத்தும்.

அடுத்து, பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி. நாணைக் கழற்றி, ஏற்கெனவே முறுக்கியுள்ள திசையிலேயே இரண்டு மூன்று சுற்றுகள் கூட்டினால் நாண் குறுகி இடைவெளி சற்றே உயரும். தயாரிப்பாளர் குறித்த எல்லைக்குள் ஒவ்வொரு முறையும் சில அம்புகளை எய்து, ஓசை மிகக் குறையும் இடத்தைக் காதால் கண்டறியுங்கள். பொறுமையான இந்த வேலையே பெரும்பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

அதன்பின் கம்பளி நூல் குஞ்சங்களை நாணின் மேல்முனையிலிருந்து கால் பங்கிலும், கீழ்முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கிலும் கட்டுங்கள். தூரங்கள் சமமாக இல்லாததால் அதிர்வு ஒரே சீராக நிலைக்காது. வளைந்த நுனிகளில் நாண் அறையும் இடத்தில் மெல்லிய ஃபெல்ட் துணியை ஒட்டலாம். எக்காரணம் கொண்டும் அம்பின்றி நாணை இழுத்து விடாதீர்கள், மரம் பிளந்துவிடக்கூடும்.