அமெரிக்கக் கால்பந்தில் 'வைட் ரிசீவர்' என்பவர் யார்? அவர்களில் ஜெர்ரி ரைஸை மட்டும் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

முதல் பாதிக்குச் சுருக்கமான பதில். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். அதை ஓடிப்போய்ப் பிடிப்பதற்கென்றே, கூட்டத்திலிருந்து விலகி ஆடுகளத்தின் ஓரமாக நிற்பவர் வைட் ரிசீவர். எத்தனை கெஜம் ஓடுவது, எந்த இடத்தில் எந்தப் பக்கம் வெட்டித் திரும்புவது என்பதெல்லாம் முன்பே பேசி வைத்தது. அதற்கு 'ரூட்' என்று பெயர். பல சமயம் ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கிளம்பியிருக்கும். அவர் ஓர் எட்டு பிந்தினால் பந்து எதிரணிக்காரர் கையில்.

இந்த ஓர் எட்டு விஷயத்தைப் புரிந்துகொண்டால் ரைஸைப் புரிந்துகொள்ளலாம். அவர் மின்னல் வேகக்காரர் இல்லை. அவரைவிட வேகமாக ஓடிய ரிசீவர்கள் அந்தக் காலத்திலேயே நிறையப் பேர் இருந்தார்கள்.

மிசிசிப்பி மாநிலத்தில் கிராஃபோர்டு என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர். அப்பா கொத்தனார். கோடை விடுமுறையில் பிள்ளைகளும் கூடவே வேலைக்குப் போவார்கள். சகோதரர்களில் ஒருவர் கீழிருந்து செங்கற்களை மேலே எறிய, சாரத்தின் மேல் நின்று ரைஸ் பிடிப்பார். தன் கைகள் அங்கேதான் பழகின என்று பிறகு அவரே சொல்லியிருக்கிறார். பெரிய பல்கலைக்கழகம் எதுவும் அவரைத் தேடி வரவில்லை. மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியில் ஆடினார். 1984இல் அங்கே ஒரே சீசனில் 27 டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்ப்பது) பிடித்தார். சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் பயிற்சியாளர் பில் வால்ஷ் ஹூஸ்டனில் ஒரு ஹோட்டல் அறைத் தொலைக்காட்சியில் அந்த ஆட்டத் துணுக்குகளைப் பார்த்து அசந்துபோனார். கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் 1985 தேர்வில் வேறொரு அணியோடு இடம் மாற்றிக்கொண்டு, 16ஆவது ஆளாக ரைஸை எடுத்தார்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்து நடந்ததுதான். அந்த முதல் சீசனில் அவர் பந்துகளை நழுவவிட்டார். ஒன்றிரண்டு அல்ல, நிறைய. சொந்த மைதானத்திலேயே ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். சாதனைகளைப் பட்டியல் போடுகிறவர்கள் இந்த மாதங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் பார்வையில் மொத்தக் கதையும் அங்கேதான் இருக்கிறது. செங்கல் பிடித்த கை, பெரிய அரங்கில் பந்தைப் பிடிக்கவில்லை. மூளை ரூட்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தால் கை என்ன செய்யும்? ரூட் பழகியதும் கை திரும்பி வந்தது. அந்த டிசம்பரிலேயே ராம்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் அவர் பந்தைப் பிடித்து முன்னேறிய தூரம் 241 கெஜம். அடுத்த ஆண்டு 1,570 கெஜம். 1987இல் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் அவர் ஆடியது 12 ஆட்டங்கள்தான். அதில் 22 டச்டவுன் பிடித்தார்!

பயிற்சியில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஐந்து கெஜப் பந்தைப் பிடித்தாலும் நிற்காமல் கடைசிக் கோடு வரை ஓடுவார். மற்றவர்கள் பிடித்துவிட்டுத் திரும்பி நடந்து வருவார்கள். வால்ஷின் ஆட்டமுறையே குறுகிய தூரப் பந்துகளை ஓட்டத்திலேயே வாங்கி மேலும் ஓடுவதுதான் என்பதால், அந்தப் பழக்கம் ஆட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படியே பலன் தந்தது. ஆட்டம் இல்லாத மாதங்களில் சான் கார்லோஸ் அருகே எட்ஜ்வுட் பூங்காவின் மலைப்பாதையில் ஏறி ஓடுவார். முதலில் அங்கே அழைத்துப் போனவர் சக வீரர் ரோஜர் கிரெய்க். அந்தப் பக்கம் வேலை பார்த்த நாட்களில் நானும் ஒரு காலையில் அதில் ஏறினேன். நடந்து ஏறுவதற்கே மூச்சு வாங்கியது. ஓரமாக நின்றுவிட்டு, சீசனில் அடிவாங்கிய உடம்போடு இதை ஓடி ஏறிய ஒரு மனிதரை வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அவர் ரசிகன் ஆனேன்.

எண்களையும் சொல்ல வேண்டும். 1985 முதல் 2004 வரை 20 சீசன்கள், 1,549 பிடிகள், 22,895 கெஜம், மொத்தம் 208 டச்டவுன். அத்தனை கெஜத்தையும் நேர்கோட்டில் வைத்தால் கிட்டத்தட்ட 21 கிலோமீட்டர். இரண்டாம் இடத்தில் இருக்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு 17 சீசன் ஆடி 17,492 கெஜம். இந்த இடைவெளியை யாராவது எட்டுவார்களா என்றால், எனக்கு நம்பிக்கையில்லை.

1997 சீசனின் முதல் ஆட்டத்தில் முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. அதுவரை காயத்தால் ஒரு ஆட்டத்தைக்கூட அவர் விட்டதில்லை. அதே டிசம்பரில் திரும்பி வந்து டச்டவுன் பிடித்தார். பிடித்து விழுந்ததில் முழங்கால் சில்லில் விரிசல் விட்டது. அவசரப்பட்டுவிட்டார், ஓய்வெடுத்திருக்க வேண்டும் என்றுதான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் 40 வயதில், 2002இல், ஓக்லண்ட் ரெய்டர்ஸுக்காக 1,211 கெஜம் எடுத்தவரும் இவர்தான்.

2010இல் சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தபோது பேசினார். தோற்றுவிடுவோமோ என்ற பயம்தான் தன்னை ஓட்டியது, இத்தனை ஆண்டுகளில் ஆட்டத்தை நின்று ரசிக்கவே இல்லை, அதுதான் தன் வருத்தம் என்றார். அதைக் கேட்டபோது எனக்கு மனசு கனத்துவிட்டது. அந்த மலைப்பாதையை இப்போது வேறு மாதிரி நினைக்கத் தோன்றுகிறது.

சரி, ஒரே ஒரு ஆட்டம்தான் பார்க்க முடியும் என்றால், 1989 ஜனவரியில் சின்சினாட்டி பெங்கல்ஸுக்கு எதிராக நடந்த சூப்பர் பௌல், அதாவது சீசனின் இறுதிப் போட்டி, பாருங்கள். ரைஸ் 11 பந்துகள் பிடித்து 215 கெஜம் எடுத்து ஆட்டநாயகன் ஆன நாள். மூன்று நிமிடம் சொச்சம் இருக்கும்போது 3 புள்ளி பின்தங்கி, 92 கெஜம் கடக்க வேண்டிய நிலை. வழியில் ரைஸ் மூன்று பந்து பிடிக்கிறார். மூன்றாவது 27 கெஜம், அதுவும் பந்தைத் தக்கவைக்க இன்னும் 20 கெஜம் தேவைப்பட்ட இக்கட்டில். கடைசிப் பந்தில் மட்டும் அவரைப் பாருங்கள். அவர் பக்கம் மாறி ஓடுகிறார், பந்து ஜான் டெய்லரிடம் போகிறது, 34 விநாடி மிச்சம் இருக்கும்போது டச்டவுன்.