பெட்டிகளை மாற்றினால் பெங்களூரு–ஓசூர்–சேலம் ரயில் விரைவாகுமா?

பெட்டிகளை மாற்றுவதால் மட்டும் பயண நேரம் பெரிதாகக் குறையாது. ஐசிஎஃப் எனப்படும் பழைய வகைப் பெட்டிகள் மணிக்கு 110 கி.மீ. வரையும், அவற்றுக்குப் பதிலாக வரும் எல்எச்பி எனப்படும் புதிய வகைப் பெட்டிகள் அதைவிட வேகமாகவும் ஓடத் தகுந்தவை என்றாலும், ஓசூர், தருமபுரி வழியாக ஓமலூர் செல்லும் தடம் வளைவுகள் மிகுந்த, பெரும்பாலும் ஒற்றைப் பாதை என்பதால், எதிர்வரும் ரயிலுக்காக ஏதாவது ஒரு சிறு நிலையத்தின் கிளைப்பாதையில் ஒதுங்கி நிற்கும் நேரமே பயணத்தைத் தின்கிறது. ஊருக்குப் போகும் நம்மவர்களுக்கு, பச்சை விளக்கு விழும்வரை சன்னலோரம் கொய்யாப்பழம் விற்பவரிடம் பேரம் பேசிய அனுபவம் இருக்கும்.

ஆகவே முதலில் இரட்டைப் பாதை, பிறகு சிக்னல், அதன் பிறகே பெட்டி என்பதுதான் சரியான வரிசை என்று கருதுகிறேன். எல்எச்பி பெட்டி பழையதைவிட நீளமானது. ஆதலால் பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறைக்காமல் மாற்றுவதானால் நடைமேடையையும் கிளைப்பாதையையும் அளந்து பார்த்தாக வேண்டும்.