காய்ச்சல் மாத்திரை: மருந்துக் கடைக்காரரிடம் கேட்டவை

மன்னார்குடிப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் 26 வருடமாக மருந்தாளுநராக நிற்கிறேன். தாளடி நடவும் ஐப்பசி மழையும் சேர்ந்து வந்தால் கடையில் பாரசிட்டமால் அட்டை நிற்காது. அதைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் சில இங்கே.

நடவு முடிந்து கரை ஏறினால் இடுப்பு ஒடிந்து போகிறது. "உடம்பு வலிக்கு ஒரு செட்" என்று கடையில் வாங்கிப் போடுவோம். அதிலும் கேட்கவில்லை என்றால் வீட்டில் இருக்கிற டோலோ ஒன்று. தப்பா அண்ணே? (நீடாமங்கலம்)

டோலோ தப்பில்லை தங்கச்சி, செட்தான் தப்பு. பேப்பரில் மடித்துத் தருவார்களே, மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் ஒன்று என்று, அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. பெயர் அச்சடித்த துண்டு கடையிலேயே நின்றுவிடும்.

பெரும்பாலும் இப்படி இருக்கும்: சளி மாத்திரையில் பாரசிட்டமால் 500 மில்லிகிராம். அசிக்ளோஃபெனாக் கலந்த வலி மாத்திரையில் பாரசிட்டமால் 325. அதன்மேல் நீங்கள் போட்ட டோலோவில் 650. ஒரு வேளைக்கு 1475 ஆகிவிட்டது. மூன்று வேளை போட்டால் 4425. நல்ல உடம்புள்ள பெரியவருக்கே 24 மணி நேரத்துக்கு 4000 தான் எல்லை. உடம்பு 50 கிலோவுக்குக் கீழே இருந்தால் அதுவும் அதிகம். நடவுக்குப் போகிற பெண்களில் பல பேர் அந்த எடைதான்.

போன வருடம் ஒரு பெரியவர் மஞ்சள் பையை என் மேசையில் கவிழ்த்தார். மூன்று அட்டை, மூன்று டாக்டர், மூன்று பெயர். திருப்பிப் பார்த்தால் மூன்றின் முதுகிலும் பாரசிட்டமால். "வேற வேற மாத்திரைதானே தம்பி" என்றார். எண்ண வேண்டியது மாத்திரையை இல்லை, உள்ளே இருக்கிற மருந்தை. அட்டையைத் திருப்பி அந்தப் பெயரைத் தேடுங்கள். வெட்டித் தந்தால் பெயர் இருக்கிற பக்கமாக வெட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

வலிக்கு 500 அல்லது 650 ஒன்று, ஆறு மணி நேரம் விட்டு அடுத்தது. மூன்று நாளுக்குமேல் தொடர்ந்து தேவைப்பட்டால் டாக்டரைப் பாருங்கள்.

வெறும் வயிற்றில் போடலாமா சார்?

பாரசிட்டமாலைப் போடலாம். வயிற்றைப் புண்ணாக்குவது டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகைதான். அவற்றைச் சாப்பிட்ட பிறகு போட வேண்டும். ஆனால் நாலு நாளாகச் சோறு இறங்காமல் கிடப்பவருக்குக் கல்லீரல் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், அவருக்கு முழு அளவு வேண்டாம்.

பாப்பாவுக்கு ஒன்றரை வயது, 10 கிலோ. காய்ச்சலுக்கு மாமியார் பாலாடையில் சிரப் ஊற்றிப் புகட்டுகிறார். அளவு சரியா என்று பயம். (கும்பகோணம்)

பால் புகட்டப் பாலாடை நல்லதுதான், மருந்துக்கு வேண்டாம் அம்மா. ஒவ்வொரு வீட்டுப் பாலாடையும் ஒவ்வோர் அளவு. பாட்டிலோடு வரும் மூடியிலோ, ஊசி இல்லாத சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள்.

கணக்கு வயதுக்கு இல்லை, எடைக்கு. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். உங்கள் பாப்பாவுக்கு 150 மில்லிகிராம். சிக்கல் இங்கேதான். 5 மில்லியில் 125 இருக்கிற சிரப் என்றால் 6 மில்லி. 250 இருக்கிற சிரப் என்றால் 3 மில்லிதான். சொட்டு மருந்து என்றால் பெரும்பாலும் ஒரு மில்லியிலேயே 100 இருக்கும், ஒன்றரை மில்லி போதும். போன தடவை 6 மில்லி கொடுத்தோமே என்று சொட்டு மருந்திலும் அதே அளவு ஊற்றினால் நாலு மடங்கு போய்விடும். எனவே பாட்டில் மாறினால் கணக்கும் மாறும். ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நாலு வேளைக்குமேல் வேண்டாம். மூன்று மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் சிரப்பைத் தொடாமல் நேரே டாக்டரிடம் போங்கள்.

வீட்டுக்காரர் தினமும் குடிப்பார். காலையில் தலைவலிக்கு இரண்டு மாத்திரை கேட்கிறார்.

பாரசிட்டமாலில் ஒரு சிறு பங்கு கல்லீரலில் விஷப்பொருளாக மாறும். அதை முறிக்கிற பொருளும் அங்கேயே இருக்கிறது. தினமும் குடிப்பவரிடம் விஷம் கூடுதலாக உருவாகும், முறிப்பது குறைவாக இருக்கும். ஒரு நாளில் 2000 மில்லிகிராமைத் தாண்டவே கூடாது. ஒன்றைக் கொடுங்கள், நிறையத் தண்ணீரும் கொடுங்கள். மஞ்சள் காமாலை வந்து போனவர் என்றால் அந்த ஒன்றையும் டாக்டரைக் கேட்டுத்தான்.

அம்மாவுக்கு பிபி, சுகர் இரண்டும் உண்டு. முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக்தான் கேட்கிறது என்கிறார். (பாபநாசம்)

கேட்கும், ஆனால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், பிபியை ஏற்றும். சிறுநீரை அதிகம் போக வைக்கிற நீர் மாத்திரையும் சேர்ந்திருந்தால் இன்னும் மோசம். தேவைப்படும் நாளில் பாரசிட்டமாலும் வெந்நீர் ஒத்தடமும் பாருங்கள். அப்புறம், இதயத்துக்குத் தினம் போடுகிற ஆஸ்பிரின் இருந்தால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுபவர் பாரசிட்டமாலைத் தொடர்ந்து போட்டாலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

மழைக்காலக் காய்ச்சலுக்கு இரண்டு நாள் மாத்திரை போட்டுப் பார்க்கலாமா? (வேதாரண்யம்)

பாரசிட்டமால் மட்டும் என்றால் போடலாம். டெங்குவாக இருந்தால் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் மூன்றும் ரத்தக்கசிவைக் கூட்டும். அதனால்தான் காய்ச்சலுக்கு வலி ஊசி வேண்டாம் என்று கத்துகிறேன். தேங்கின தண்ணீரில் இறங்கி வேலை செய்தவருக்குக் கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, காய்ச்சல் மூன்றும் சேர்ந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு இரண்டு நாள் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. மாத்திரை சூட்டைத்தான் இறக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது.

பேரன் காய்ச்சல் சிரப்பை எடுத்துக் குடித்துவிட்டான். விளையாடிக்கொண்டுதான் இருக்கிறான். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

வேண்டாம் பெரியம்மா. உப்புத் தண்ணீரும் வேண்டாம், புளிக் கரைசலும் வேண்டாம். முதல் நாள் விளையாடத்தான் செய்வான். கல்லீரல் கெடுவது அடுத்த நாள்களில்தான் வெளியே தெரியும். அசிடைல்சிஸ்டீன் என்று விஷமுறிவு மருந்து இருக்கிறது, எட்டு மணி நேரத்துக்குள் ஏற்றினால் நன்றாகக் காப்பாற்றும். 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்போதே கிளம்புங்கள். பாட்டிலைக் கழுவாமல் அப்படியே கையில் எடுத்துப் போங்கள். எவ்வளவு குடித்தான் என்பதை மீதியைப் பார்த்துத்தான் டாக்டர் கணக்குப் போடுவார்.