ஸ்போர்ட்ஸ் காரும் சின்ன பிக்கப்பும் ஏன் இவ்வளவு கனம்?

கேள்வி: பழைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருக்கிறேன், எடை ஒரு டன்னுக்கும் கீழே. புதிது வாங்கலாம் என்று பார்த்தால் எதை எடுத்தாலும் ஒன்றரை டன், சிலது இரண்டையும் தாண்டுகிறது. என் தம்பி பார்த்து வைத்திருக்கும் "சின்ன" பிக்கப்பே இரண்டு டன். அலுமினியம், கார்பன் ஃபைபர் எல்லாம் வந்த பிறகும் ஏன் இப்படி? பாதுகாப்புச் சட்டங்கள்தான் காரணம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஓரளவுக்குத்தான் உண்மை. 1997-ல் ஐரோப்பாவின் கார் பாதுகாப்புச் சோதனை அமைப்பான யூரோ என்கேப் மோதல் சோதனைகளை வெளியிடத் தொடங்கியதிலிருந்து பக்கவாட்டுக் கம்பிகள், கூடுதல் ஏர்பேக், தடித்த கதவுத் தூண்கள் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அமெரிக்காவில் 2009-ல் கூரை விதியைக் கடுமையாக்கினார்கள்: முன்பு வண்டி எடையின் ஒன்றரை மடங்கைத் தாங்கினால் போதும், பிறகு மூன்று மடங்கு. 2012-ல் அங்குள்ள காப்பீட்டு நிறுவனங்களின் சோதனை அமைப்பு, முகப்பின் ஓரத்தில் கால்வாசி மட்டும் மோதுகிற சோதனையைக் கொண்டுவந்தது. அதில் நல்ல மதிப்பெண் வாங்கப் பல கார்களின் முன்பகுதியையே திருத்திக் கட்டவேண்டியிருந்தது. இந்தக் கிலோக்களை நான் குறை சொல்லவே மாட்டேன், கவிழ்ந்த காரிலிருந்து ஆட்கள் உயிரோடு வெளியே வருவதற்கு இவைதான் காரணம்.

ஆனால் இதை மட்டும் காரணமாகச் சொன்னால் மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காருக்கு என்ன பதில்? 1989-ல் வந்த முதல் தலைமுறை சுமார் 950 கிலோ. 2015-ல் வந்த தலைமுறை, ஏர்பேக், வண்டி சறுக்காமல் பிடிக்கிற ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் எல்லாம் சேர்த்தும், எஞ்சினைப் பொறுத்து ஒரு டன்னை ஒட்டியோ கொஞ்சம் கூடவோதான் நிற்கிறது, நீளம் முதல் காரைவிடக் குறைவு. 2017-ல் வந்த அல்பீன் ஏ110 ஸ்போர்ட்ஸ் காரும் அப்படித்தான், அலுமினிய உடம்பு, எடை ஏறக்குறைய 1,100 கிலோ, அதன் பக்கெட் சீட் ஒன்று 13 கிலோதான். மோட்டார் வைத்து முன்னே பின்னே நகர்கிற, சூடாகிற, மசாஜ் செய்கிற சீட் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும்.

அப்போ மற்ற கார்களில் மீதி எடை எங்கிருந்து வருகிறது? முதலில் அளவு. அகலமும் நீளமும் கூடினால் இரும்பு, கண்ணாடி, ஒயரிங், ஒலி தடுக்கும் அட்டை எல்லாமே கூடும். அடுத்தது பவர். பவர் கூடினால் டர்போ, இன்டர்கூலர், பெரிய ரேடியேட்டர், கனமான கியர்பாக்ஸ், அதைத் தாங்க நான்கு சக்கர இயக்கம். இவ்வளவும் சேர்ந்த வண்டியை நிறுத்தப் பெரிய பிரேக் டிஸ்க் வேண்டும், அந்த டிஸ்க்கை உள்ளே வைக்கப் பெரிய வீல், அதற்கு அகலமான டயர், அந்தக் கனமான வீலைக் கட்டுப்படுத்தத் தடித்த சஸ்பென்ஷன் என்று ஒரு கிலோ இன்னொரு கிலோவை இழுத்துக்கொண்டு வந்துவிடும், இதில் எது முதல் காரணம் என்று பொறியாளராலேயே பிரித்துச் சொல்ல முடியாத நிலை வந்துவிடுகிறது.

இப்போது மேலே பேட்டரியும் சேர்ந்திருக்கிறது. பிஎம்டபிள்யூ எம்5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1980-களின் முதல் எம்5 சுமார் 1,430 கிலோ. 2024-ல் வந்த ப்ளக்-இன் ஹைபிரிட் (எஞ்சினோடு, சார்ஜ் போடுகிற பேட்டரியும் மோட்டாரும் உள்ள) எம்5 2,400 கிலோவைத் தாண்டுகிறது. பவர் 727 குதிரைத்திறன். அதற்கு முந்தைய எம்5 காம்பெடிஷனுக்கு 625 தான். ஆனால் 100 கிமீ வேகத்தைத் தொட புதியதற்கு 3.5 நொடி, அந்தக் காம்பெடிஷனுக்கு 3.3 என்று நிறுவனமே சொல்கிறது. நூறு குதிரைத்திறன் கூடுதலாகக் கொடுத்தும் எடை அதை விழுங்கிவிட்டது. நேர்கோட்டில் இவ்வளவுதான் தெரியும். வளைவிலும் பிரேக்கிலும் டயர் தேய்மானத்திலும் இன்னும் நன்றாகத் தெரியும், அதைத்தான் நீங்கள் மாதாமாதம் செலவாகக் கட்டப்போகிறீர்கள்.

கேள்வி: ஒரே காருக்கு மூன்று இடத்தில் மூன்று எடை போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: மூன்றும் சரியாக இருக்கலாம், அளந்த விதம்தான் வேறு. ஜெர்மன் டிஐஎன் முறையில் எண்ணெய், தண்ணீர் எல்லாம் நிரப்பி, டேங்க் 90 சதவீதம் நிறைந்திருக்கும், ஓட்டுநர் கணக்கில் இல்லை. ஐரோப்பிய ஒன்றிய முறையில் அதன்மேல் ஓட்டுநருக்கு 75 கிலோ சேரும். மூன்றாவது "டிரை வெயிட்", எரிபொருளும் மற்ற திரவங்களும் இல்லாத எடை. விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார் விளம்பரங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். சில சமயம் கூடுதல் காசு கொடுத்தால் மட்டும் வருகிற லேசான சீட்டையும் வீலையும் சேர்த்துக்கொண்டு சொன்ன எண்ணாகவும் அது இருக்கும். அந்த நிலையில் எந்தக் காரும் ரோட்டில் ஓடாது, ஆகவே அந்த எண்ணை வைத்து எதையும் ஒப்பிடாதீர்கள். இரண்டு கார்களையும் ஒரே முறையில், அதே வேரியன்ட்டில், நீங்கள் எடுக்கப்போகிற ஆப்ஷன்களோடு கேளுங்கள். சன்ரூஃப் வேண்டாம், சின்ன வீல் போதும் என்று சொன்னாலே குறிப்பிடத்தக்க அளவு இறங்கும், சன்ரூஃபின் எடை கூரையில் உட்கார்ந்திருப்பதால் அங்கே குறைகிற ஒவ்வொரு கிலோவும் வளைவில் இரட்டிப்பு நன்மை.

கேள்வி: பிக்கப் கனமாக இருந்தால் அதிகச் சுமை தாங்கும் என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை, பல நேரம் நேர்மாறு. வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் பேலோடு, அதாவது ஏற்றக்கூடிய சுமை. மொத்த எடை மாறாமல் டபுள் கேப் (பின் சீட்டும் நான்கு கதவும் உள்ள கேபின்), நான்கு சக்கர இயக்கம், லெதர் சீட், பெரிய வீல் என்று சேர்த்துக்கொண்டே போனால் அவ்வளவும் பேலோடிலிருந்துதான் கழியும். விளம்பரத்தில் வரும் பெரிய எண் பெரும்பாலும் சாதாரண வேரியன்ட்டுக்கானது. உள்ளே உட்காரும் ஆட்களும் பேலோடில் சேர்த்தி, ஐந்து பெரியவர்கள் ஏறினாலே 350 கிலோ போய்விடும். டிரெய்லர் இழுத்தால் அது கொக்கியில் அழுத்துகிற எடையும் இதில்தான் வரும். கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், விலை பேசுவதற்கு முன் அதைப் படியுங்கள்.

நிஜமாகவே சின்ன பிக்கப் குறைந்துபோனதற்கு விதிகளும் ஒரு காரணம். அமெரிக்க மைலேஜ் விதியில் நான்கு சக்கரங்களுக்கு நடுவே உள்ள பரப்பு பெரிதானால் இலக்கு தளர்வாகும், சிறிதானால் இறுகும். ஃபோர்டு அங்கே பழைய சின்ன ரேஞ்சர் பிக்கப்பை 2011-ல் நிறுத்தியது, 2019-ல் அதே பெயரில் திரும்பி வந்தது நல்ல பெரிய வண்டி. வாங்குகிறவர்களும் பின் சீட்டும் நான்கு கதவும் கேட்டார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி: அப்படியானால் என் பழைய காரையே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: விடுமுறையில் மட்டும் ஓட்டுவதானால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், துரு மட்டும் ஏறாமல் பாருங்கள். தினமும் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே போகிற கார் அதுதான் என்றால் என் பதில் வேறு, ஏர்பேக்கும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலும் உள்ள, 1,100 கிலோவை ஒட்டிய புதிய கார் ஒன்றை ஓட்டிப் பாருங்கள், மேலே சொன்ன எம்எக்ஸ்-5, ஏ110 இரண்டிலிருந்து தொடங்கலாம். தம்பிக்கு, ஏற்றப்போகும் சுமையை முதலில் எழுதச் சொல்லுங்கள், வேரியன்ட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.