9 மணி வரை அவள் ஏன் இருக்கிறாள்?

கேள்வி: என் குழுவில் 31 வயதுப் பெண் ஒருத்திக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்னும் முடக்குவாதம். காலையில் தாமதமாக வருகிறாள், மாதத்தில் இரண்டு மூன்று நாள் லீவு. மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். நல்ல பெண்தான், லீவு முடிந்து வந்தால் யாரும் சொல்லாமலே இரவு 9 மணி வரை இருந்து பாக்கி வேலையை முடித்துவிடுவாள். நாங்கள் குடும்பம் போலப் பழகுகிறோம். கணவர் நன்றாகச் சம்பாதிக்கிறார். வேலையை விட்டுவிட்டு ஓய்வெடுக்கச் சொல்லலாமா?

பதில்: "யாரும் சொல்லாமலே" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். நீங்கள் அதைப் பாராட்டாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது அபராதம் கட்டுவதாகத்தான் தெரிகிறது. காய்ச்சலில் படுத்து எழுந்து வந்தவர் யாராவது இப்படி ராத்திரி வரை உட்காருகிறாரா? நோய் வந்ததைக் குற்றமாக நினைக்க அவளுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். முணுமுணுப்பு காதில் விழுந்தும் வாயைத் திறக்காமல் இருந்தீர்களே, அந்தப் பாடத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு.

இந்த நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. காலையில் விரல் மடங்காது. இறுக்கம் விட ஒரு மணி நேரமாகும், சில நாள் அதற்கு மேலும் ஆகும். பித்தான் போடுவதற்கே போராட வேண்டும். அந்தக் கையோடுதான் அவள் உங்கள் வருகைப் பதிவுக்கு ஓடி வருகிறாள். லீவு முடிந்த அன்றே 12 மணி நேரம் உட்கார்ந்தால் அடுத்த லீவுக்கு அங்கேயே அச்சாரம் போட்டாயிற்று.

கணவர் சம்பளத்தை எண்ணுவது உங்கள் வேலையல்ல, அம்மா. பெரும்பாலோருக்கு இது ஆயுள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டிய நோய். அந்த மருந்தைச் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்குகிறவளிடம் ஓய்வெடு என்பது, வீட்டிலும் கையேந்தச் சொல்வதுதான். குடும்பம் என்றீர்கள். குடும்பத்தில் முடியாதவர் பங்கை மற்றவர்கள் எடுத்துச் செய்வார்கள், கணக்கு எழுத மாட்டார்கள்.

அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு எது சௌகரியம்மா?" என்று கேளுங்கள். பதினொரு மணிக்கு வரட்டுமே. தட்டச்சு செய்யக் கை ஒத்துழைக்காத நாளில் குரலில் சொல்லி எழுதும் வசதி இருக்கிறது. அவள் வராத நாளில் யார் எதைப் பார்ப்பது என்று நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள். மேலதிகாரி என்று உட்கார்ந்திருப்பது அதற்குத்தான். அவள் நோயைப் பற்றி அவளைக் கேட்காமல் யாரிடமும் விளக்க வேண்டாம். முணுமுணுப்பவர்களிடம், "இது நான் செய்த ஏற்பாடு, குறை இருந்தால் என்னிடம் சொல்லுங்கள்" என்று சொன்னால் போதும்.

அடுத்த தடவை அவள் லீவு முடிந்து வரும் அன்று, மாலை 6 மணிக்கு நீங்களே அவள் மேஜைக்குப் போய் நின்று, கிளம்பச் சொல்லுங்கள்.