கடலில் குடித்தனம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

சிங்கப்பூரில் மென்பொருள் துறையில் இருக்கிறேன். மணமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன, குழந்தைகள் இல்லை. அடுத்த ஆண்டு வேலையை விட்டுவிட்டு மலேசியாவின் லங்காவித் தீவில் 38 அடியில் ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கி, அதிலேயே மூன்று ஆண்டுகள் வாழத் திட்டமிட்டிருக்கிறேன். மலாக்கா நீரிணை, அந்தமான் கடல், முடிந்தால் திருகோணமலை, மாலத்தீவு. என் நாவலை அங்கேதான் முடிக்க வேண்டும் என்று கனவு. நீங்கள் ஒருமுறை தோழியின் படகில் தங்கியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன். மாதம் எவ்வளவு செலவாகும்? ஒற்றை உடல் படகு நல்லதா, இரட்டை உடல் கொண்ட கட்டமரான் நல்லதா? ஒரு நாளில் எழுத எத்தனை மணி நேரம் மிஞ்சும்? பராமரிப்பு வேலைகள் கொஞ்சம் இருக்கும் என்கிறார்கள், அவற்றை நான் பார்த்துக்கொள்வேன். சமையலையும் உள்வேலைகளையும் மனைவி பார்த்துக்கொள்வாள்.

– சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதல் இரண்டு கேள்விகளைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் பராமரிப்புக்கே போய்விடும் என்பது படகுக்காரர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு. பழைய படகு என்றால் முதல் ஆண்டு அதையும் தாண்டும். ஒற்றை உடலா, கட்டமரானா என்பதைக் கையிலிருக்கும் பணம் தீர்மானிக்கட்டும். இரண்டிலும் உலகைச் சுற்றி வந்தவர்கள் இருக்கிறார்கள். அதைப் பற்றி விடிய விடிய வாதிட ஆட்கள் உண்டு, அவர்களிடம் கேளுங்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளுக்காக. சில மாதங்களாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

'பராமரிப்பு வேலைகள் கொஞ்சம் இருக்கும்' என்கிறீர்கள். கொஞ்சம் இல்லை, தம்பி. படகில் வாழ்வது என்பதே அந்த வேலைகளைச் செய்வதுதான். நடுநடுவே தீவும் கடற்கரையும் வந்துபோகும்.

லங்காவியில் நான் தங்கிய படகு ஒரு பினாங்குத் தமிழ்த் தம்பதியினுடையது. கணவர் கப்பலில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். என் தோழி பள்ளிக்கூட ஆசிரியை. அங்கே விடிந்ததும் தேநீருக்கு முன்னால் தரைப்பலகையைத் தூக்கிப் படகின் அடிக்குழியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்ப்பார்கள். விரலில் தொட்டு நாக்கில் வைப்பார்கள். உப்புக் கரித்தால் கடல் உள்ளே வருகிறது. கரிக்கவில்லை என்றால் குடிதண்ணீர்த் தொட்டியோ குழாயோ ஒழுகுகிறது. எதுவானாலும் அன்றைய திட்டம் போயிற்று. அடுத்து பேட்டரி. 12.2 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் பழைய ரக ஈய பேட்டரியில் ஏறக்குறையப் பாதி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். வெயில் ஏறி சோலார் தகடு வேலை செய்யும்வரை ஃபிரிட்ஜை நிறுத்த வேண்டும். பிறகு என்ஜின் எண்ணெய், பெல்ட், டீசல் வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணம். டீசலில் தண்ணீர் சேர்ந்தால் அந்த இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து, கறுப்புச் சளிபோல் திரண்டு வடிகட்டியை அடைக்கும். அது தொட்டியின் அடியில் அமைதியாகக் கிடந்து, அலை எழும்பிப் படகு குலுங்கும் நாளில்தான் மேலே வரும். என்ஜின் மிகவும் தேவைப்படும் நாளும் அதுதான்.

உப்பும் வெயிலும் ஒரு நாளும் ஓய்வதில்லை. பாய்த்துணி கிழிவதற்கு முன் அதன் தையல்நூல் வெயிலில் இற்றுப்போகும். கடல்தண்ணீரில் துவைத்த துணி காய்ந்த மாதிரி இருக்கும். ஆனால் அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து ராத்திரியில் மறுபடி பிசுபிசுக்கும், அதனால் கடைசி அலசல் நல்ல தண்ணீரில் இருக்க வேண்டும். அந்த நல்ல தண்ணீரோ தொட்டியில் சில நூறு லிட்டர்தான். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் வைத்திருந்தால், அதன் சவ்வை அடிக்கடி நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். எண்ணெய் மிதக்கும் துறைமுகத்தில் அதை ஓட்டவே கூடாது. தண்ணீருக்கு அடியில் இருக்கும் உலோகங்களைக் கடல் அரிக்காமல் இருக்கத் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவார்கள். முதலில் அரிபட வேண்டியது அதுதான், பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் ஒட்டி வளரும். முகமூடி மாட்டி, குதித்து, மூச்சடக்கிச் சுரண்ட வேண்டும். ஓராண்டு, ஈராண்டுக்கு ஒருமுறை படகைக் கரையேற்றி அடிக்குத் தாமிரம் கலந்த பெயின்ட் அடிக்க வேண்டும். அந்த நாட்களில் படகு முட்டுக்கட்டைகளின் மேல் நிற்கும். வீட்டுக்குள் போக ஏணி, தண்ணீர் பிடிக்க ஏணி, நடுராத்திரி கழிவறைக்குப் போகவும் ஏணி.

கழிவறையைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. படகில் மிக அதிகமாகப் பழுதாகும் பொருட்களில் அதுவும் ஒன்று. சிறுநீரும் கடல்தண்ணீரும் சேர்ந்தால் குழாயின் உள்ளே சுண்ணாம்பு போல் படிந்து இறுகும். வினிகர் ஊற்றி ஊறவைக்கலாம். அதற்கும் அசையாவிட்டால் குழாயைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுபோய்த் தரையில் அடித்துத்தான் உதிர்க்க வேண்டும். அதை யார் செய்வது? 'உள்வேலை' என்று நீங்கள் எழுதியதில் இது சேர்த்தியா?

அந்த வரிக்குத்தான் வருகிறேன். மனைவி சமையலைப் பார்த்துக்கொள்வார், நீங்கள் படகைப் பார்த்துக்கொள்வீர்கள். எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! படகுக்காரர்களிடையே இளஞ்சிவப்பு வேலை, நீல வேலை என்று ஒரு பேச்சே உண்டு. சோறு, துணி, துடைப்பது பெண்ணுக்கு. என்ஜின், மின்சாரம், நங்கூரம் ஆணுக்கு. எனக்கு அதைக் கேட்டாலே கோபம் வருகிறது. நியாயம் அநியாயம் என்பது இருக்கட்டும். கடலில் அது உயிரை வாங்கும்.

அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, அம்மா என்னைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய் போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியைக் காட்டி, 'இதுல எதம்மா அமுக்கணும்?' என்று கேட்டார். சுவரோரம் மூன்று வால்வுகள். ஒன்று தரைத்தொட்டிக்கு, ஒன்று மாடித்தொட்டிக்கு, இன்னொன்று தோட்டத்துக்கு. எது எதற்கு என்று அப்பாவைத் தவிர அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா புழங்கும் வீடு அது. அரிசி எவ்வளவு நாள் வரும், எந்தச் சன்னலில் சாரல் அடிக்கும் என்றெல்லாம் அம்மாவுக்குத் தெரியும். தண்ணீர் எப்படி வருகிறது என்று மட்டும் தெரியாது. அப்பா மறைத்தார் என்று சொல்ல மாட்டேன். 'நீ ஏன் இதுல கையை வைக்கிற, நான் பார்த்துக்கறேன்' என்றுதான் எப்போதும் சொல்வார். அன்பாகத்தான் சொல்வார். அந்த அன்பு என்ன செய்யும் என்று அம்மாவின் முகத்தில் அன்று பார்த்தேன். சொந்த வீட்டில் அவர் விருந்தாளி போல நின்றுகொண்டிருந்தார். உங்கள் கடிதத்தில் அதே 'பார்த்துக்கொள்வேன்' இருந்தது, தம்பி. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

வீட்டில் மோட்டார் ஓடாவிட்டால் பக்கத்து வீட்டில் குடம் நிரப்பலாம், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம். லங்காவியிலிருந்து இலங்கைக்கு ஆயிரம் கடல்மைலுக்கு மேல். 38 அடிப் படகு ஒரு நாளைக்கு நூற்றிருபது மைல் போனால் நல்ல ஓட்டம். ஒன்பது பத்து நாள், இரவும் பகலும் ஓட வேண்டும். இருவர் மட்டும் இருக்கும் படகில் ஒருவர் தூங்கினால் மற்றவர் தனியாகத்தான் ஓட்டுகிறார். மூன்று மணி நேரத்துக்கோ நான்கு மணி நேரத்துக்கோ ஒருமுறை ஆள் மாறுவார்கள். அப்படியென்றால் பாதி நேரம் அந்தப் படகின் தலைவி உங்கள் மனைவிதான். எதிரே சரக்குக் கப்பல் வந்தால் விலக வேண்டியது அவர். பருவமழைக் காற்று திடீரென்று வலுத்தால் பாயைச் சுருக்க வேண்டியதும் அவர்தான். நீங்கள் கால் தவறிக் கடலில் விழுந்தால், பாயை இறக்கி, என்ஜினைக் கிளப்பி, படகைத் திருப்பி, உங்களைத் தேடி எடுக்க உலகத்தில் அவர் ஒருவரைத் தவிர யாரும் இல்லை. அந்த என்ஜினை எப்படிக் கிளப்புவது என்று அவருக்குச் சொல்லித்தராமல் கிளம்பப் போகிறீர்களா?

என் தோழியின் கதையைச் சொல்கிறேன். லங்காவியிலிருந்து தாய்லாந்தின் கோ லிப்பே தீவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். காற்றில்லை, என்ஜினில் ஓடிக்கொண்டிருந்தது. தோழி கீழே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சட்டென்று கத்தியை வைத்துவிட்டு, 'தண்ணி வரல, என்ஜினை நிறுத்துங்க' என்று கத்தினார். எனக்கு எந்த வித்தியாசமும் கேட்கவில்லை. படகு என்ஜினைக் குளிரவைக்கக் கடல்தண்ணீரை உறிஞ்சுவார்கள். அந்தத் தண்ணீர் புகையோடு சேர்ந்து பின்பக்கம் துப்பிக்கொண்டே போகும். அது நின்றால் புகைக்குழாயின் சத்தம் வறண்டு ஒலிக்கும். அவர் காதுக்கு அது கேட்டுவிட்டது. கணவர் மேலே சுக்கானில் இருந்தார், பக்கத்தில் பாறைகள். கீழே இறங்கி வேலை செய்தது தோழிதான். கடல்நீர் வால்வை மூடினார், பம்ப்பின் மூடியிலிருந்த திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டார், உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரத்தை, அதாவது இம்பெல்லரை, வெளியே இழுத்தார். அதன் இதழ்களில் பாதி அறுந்து போயிருந்தது. நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். புது இம்பெல்லரை உடனே மாட்டிவிடுவார் என்று நினைத்தேன். அவர் மாட்டவில்லை. குழாயைக் கழற்றி, வளைந்த கம்பியால் அறுந்த துண்டுகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, சாப்பாட்டுத் தட்டில் வைத்து இதழ்களாகப் பொருத்திப் பார்த்தார். எல்லாம் சேர்ந்த பிறகுதான் புதியது உள்ளே போனது. ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டாலும் அது நகர்ந்து போய்க் குளிர்விப்பானை அடைக்கும், மறுநாள் இதே இடத்தில் நிற்போம் என்றார். பிறகு கை கழுவிவிட்டு வெங்காயத்தை உரித்து முடித்தார்.

கப்பல் என்ஜினியரின் மனைவிக்கு இதெல்லாம் எதற்கு என்று அன்றிரவு கேட்டேன். 'அவருக்குத் தெரியும்னுதான் நான் கத்துக்கிட்டேன். ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சா அந்தப் படகுல எனக்குத் தூக்கம் வராது' என்றார். அவர் கணவரும் சோறு வடிக்கவும் மீன் கழுவவும், முட்டைகளை அழுகாமல் திருப்பித் திருப்பி வைக்கவும் தெரிந்தவர். அட்டைப்பெட்டியில் கரப்பான் முட்டை ஒட்டி வரும் என்று கடைச் சாமான்களைக் கரையிலேயே பிரித்துப் பையில் மாற்றி ஏற்றுவார். சமைத்து முடித்ததும் சிலிண்டரிலேயே வாயுவை மூடிவிடுவார், ஏனென்றால் சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் அடிக்குழியில் இறங்கித் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். சமையலை 'உள்வேலை' என்று சாதாரணமாக ஒதுக்கினீர்களே, அதிலும் இருவருக்கும் தெரிய வேண்டியது இவ்வளவு இருக்கிறது.

இந்தியக் கடற்படையின் தாரிணி பாய்மரப் படகை எடுத்துக்கொள்ளுங்கள். 56 அடி. 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பி வந்தது. அதில் இருந்தவர்கள் இரண்டே பெண் அதிகாரிகள். புதுச்சேரியின் ரூபா, கோழிக்கோட்டின் தில்னா. பிரிமேண்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் என்று நான்கு இடங்களில்தான் கரை. நடுவே பசிபிக்கின் தெற்கில் வாரக்கணக்கில் பிடிக்கக் கரையே கிடையாது என்னும்படியான கடல். அங்கே ஒருவர் சமையல்காரர், இன்னொருவர் மெக்கானிக் என்று பிரித்துக்கொண்டு போயிருக்க முடியுமா? ஒருவர் கண்ணயரும்போது மற்றவர்தான் எல்லாமும்.

தனியாகப் போகிறவர்களுக்குப் பிரித்துக்கொள்ள ஆளே இல்லை. பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய 32 அடி சுஹைலி படகில் 1968-69இல் 312 நாட்கள் எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிய ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், நடுக்கடலில் படகின் அடிப்பலகை இடுக்கு ஒழுகத் தொடங்கியதும் சுத்தியலோடு தண்ணீரில் இறங்கி அடைத்தார். 2022இல் தொடங்கிய, தனியாளாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டியில் இரண்டாவதாக வந்த அபிலாஷ் டோமி, காற்றின் போக்கில் தானே சுக்கான் பிடிக்கும் கருவி உடைந்தபோது கழிவறைக் கதவுப் பலகையை எடுத்து அதைச் சரிசெய்தார். சோறு பொங்கியவரும் அவர்களேதான்.

நாவலுக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்று கேட்டீர்கள். படகு இரவும் பகலும் ஓடும் நாட்களில் ஒன்றும் மிஞ்சாது, தூக்கமே மிஞ்சாது. நல்ல வானிலையில், நல்ல நங்கூரப் பிடிப்பில், எதுவும் உடையாத நாளில், காலையில் இரண்டு மணி நேரம் கிடைக்கலாம். வேலைகளை இருவரும் செய்தால்தான் அதுவும். அந்த இரண்டு மணியில் ஒன்று உங்கள் மனைவியுடையது. அந்த மூன்று ஆண்டுகளில் அவருக்கும் முடிக்க வேண்டியது ஏதோ இருக்கும். அது என்ன என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அவருக்கு நீச்சல் தெரியுமா, அலையில் வாந்தி வருமா, அவருக்கு இதில் விருப்பமா என்றும் இல்லை. இத்தனை ஆசையோடு எழுதியிருக்கும் நீங்கள் இதைக் கேட்காமல் விட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உங்கள் ஆசையை நான் தடுக்கவில்லை. போய் வாருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் வேலையை விடுவதற்கு முன், படகு வாங்குவதற்கு முன், ஒன்று செய்யுங்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை லங்காவிக்கும் புக்கெட்டுக்கும் நடுவே வடகிழக்குக் காற்று சீராக வீசும், படகுகள் நிறைய ஓடும், உதவிக்கு ஆள் தேடுகிறவர்களும் இருப்பார்கள். விடுமுறை எடுத்து இருவரும் ஒரே படகில் சேருங்கள். என்ஜின் பக்கம் அவர் நிற்கட்டும், சமையலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் எனக்கு எழுதுங்கள். அவர் எழுதினால் இன்னும் நல்லது. கட்டமரான் பற்றி அவர் கேட்டால் அப்போது விரிவாகச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா