டர்போ பிக்கப் திக்குகிறதா, சத்தம் போடுகிறதா? கேள்வி பதில்

டர்போ டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: "வண்டி திக்குது" என்று மட்டும் எழுதாதீர்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? காலி வண்டியிலா, லோடிலா? எத்தனை ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று)? புகை என்ன நிறம்? இந்த நான்கும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இவற்றைக் கேட்காமலே டர்போவையும் (இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) இன்ஜெக்டரையும் (சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கும் பாகம்) மாற்றச் சொல்கிற பட்டறைகளால் வண்டிக்காரர்களின் பணம் வீணாகப் போகிறது என்பதுதான் என் ஆதங்கம்.

சத்தியமங்கலத்திலிருந்து: அண்ணா, பிஎஸ்4 புகை விதிக்கு வந்த பிக்கப், 1.4 லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலியாகப் போனால் ஒன்றும் தெரியவில்லை. லோடு ஏற்றித் திம்பம் மலைப்பாதை ஏறும்போது 2000 ஆர்பிஎம் தாண்டினால் திக்குகிறது, கரும்புகை வருகிறது, பானட் பக்கம் 'உஸ்' என்று சத்தம். மெக்கானிக் டர்போ போய்விட்டது என்கிறார்.

பதில்: தம்பி, டர்போவில் கை வைக்க வேண்டாம், முதலில் காற்றுப் பாதையைப் பாருங்கள். டர்போ அழுத்திய காற்று ஒரு ஹோஸ் வழியாக, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போய், இன்னொரு ஹோஸ் வழியாக இன்ஜினுக்குள் போகிறது. ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் நின்றபடி ஓடும்போது) அந்த ஹோஸில் அழுத்தமே கிடையாது. அதனால் கிழிசல் இருந்தாலும் அப்போது தெரியாது. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் லோடோடு ஏறும்போது டர்போ முழு அழுத்தம் கொடுக்கும், கிழிசல் வாய் திறக்கும். உள்ளே வந்த காற்றை ஏர் ஃபில்டர் பக்கத்து சென்சார் ஏற்கெனவே அளந்துவிட்டது. அந்தக் கணக்கை நம்பித்தான் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) டீசல் விடுகிறது. வழியில் காற்று கசிந்துவிட்டதால் டீசல் முழுதாக எரியவில்லை. கரும்புகை அதனால்தான்.

ஹோஸை மேலே பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிடக் கூடாது. கிழிசல் பெரும்பாலும் அடிப்பக்கத்திலோ, கிளாம்ப் கடிக்கிற விளிம்பிலோ, ஏதாவது பிராக்கெட்டில் உரசுகிற இடத்திலோ இருக்கும். ஆயில் ஈரம் படிந்து அதில் புழுதி ஒட்டிக் கருப்பாகத் தெரியும் இடம்தான் துப்பு. கழற்றி இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். உள் அடுக்கு மட்டும் பிரிந்திருந்தால் வெளியே ஒன்றுமே தெரியாது.

ஹோஸ் நன்றாக இருந்தால் டர்போவைப் பார்க்கலாம். இன்ஜின் ஆறிய பிறகு ஏர் ஃபில்டர் பைப்பைக் கழற்றி, நடுவிலுள்ள நட்டை விரலால் பிடித்து அசையுங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கலாம், அது சகஜம். முன்னும் பின்னும் ஆடினாலோ, பிளேடு கூட்டில் உரசிய கீறல் தெரிந்தாலோ மெக்கானிக் சொன்னது சரி.

மறுபடி அவரே: அண்ணா, கீழ் ஹோஸில் இரண்டு இஞ்ச் கிழிசல்! டேப் சுற்றி ஓட்டலாமா?

பதில்: வீடு வந்து சேரும் வரை, ஆக்ஸிலரேட்டரைப் பலமாக அழுத்தாமல். அதற்கு மேல் வேண்டாம். சூட்டிலும் ஆயிலிலும் டேப் பசை நிற்காது. புது ஹோஸ் போடும்போது கிளாம்பையும் புதிதாகப் போடுங்கள். ஹோஸ் எங்கே உரசியது என்று பார்த்து அந்த இடத்தைச் சரிசெய்யாவிட்டால் இதுவும் கிழியும்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து: சார், டீசல் ஃபில்டர் மாற்றியதிலிருந்து காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது. கிளம்பிய பிறகும் கொஞ்ச தூரம் திக்கித் திக்கித்தான் போகிறது. சத்தம் எதுவும் இல்லை.

பதில்: ஃபில்டர் மாற்றிய பிறகு தொடங்கியது என்று நீங்களே விடை சொல்லிவிட்டீர்கள். காற்று இழுக்கிறது. இரவு முழுக்க நிற்கும்போது டீசல் டேங்க் பக்கம் இறங்கிவிடுகிறது. காமன் ரெயில் இன்ஜின்களில், எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் கொடுக்கும் பொதுக் குழாயான ரெயிலில் சுமார் 200 பார் (அழுத்த அலகு) ஏறிய பிறகுதான் இன்ஜெக்டர் டீசல் தெளிக்கும். காற்று கலந்தால் அந்த அழுத்தம் ஏறத் தாமதமாகும்.

ஃபில்டரின் ஓ-ரிங் முறுக்கி உட்கார்ந்திருக்கிறதா, பழைய ரிங் மேலேயே புதியது போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு அடி நீளத்துக்கு உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் ஹோஸ் மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி ஓடினால் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த ஹோஸ் சோதனைக்கு மட்டும்தான், அப்படியே விட்டுவிடாதீர்கள். கையோடு ஃபில்டர் அடியிலுள்ள திருகைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் டீசல் பிடித்துக் கொஞ்ச நேரம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும்.

நாமக்கல்லிலிருந்து: அண்ணே, ஐடிலில் 'டொக் டொக்' என்று ஒரே சீராகச் சத்தம், வண்டியும் குலுங்குகிறது. நாலு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார்கள். செலவை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

பதில்: நாலையும் மாற்றுவதற்கு முன் எது கெட்டது என்று காட்டச் சொல்லுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஸ்கேனரில் (ஈசியூவோடு இணைத்துப் பார்க்கும் கருவி) ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்க்கலாம். நல்ல சிலிண்டரை நிறுத்தினால் இன்ஜின் ஓட்டம் இன்னும் மோசமாகும். கெட்டதை நிறுத்தினால் ஓட்டத்தில் மாற்றமே இருக்காது, சில சமயம் 'டொக்' சத்தம் நின்றுவிடும். அந்த சிலிண்டர்தான் ஆள்.

அடுத்தது ரிட்டர்ன் சோதனை. இன்ஜெக்டர்களிலிருந்து மிச்ச டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி, நாலுக்கும் ஒரே அளவு பாட்டில் மாட்டி, சில நிமிடம் ஐடிலில் ஓட விடுவார்கள். மூன்று பாட்டிலில் ஒரே அளவும், ஒன்றில் மட்டும் பல மடங்கும் இருந்தால் அந்த இன்ஜெக்டர் உள்ளே கசிகிறது. அதை மட்டும் கழற்றி டீசல் பம்ப் கடையில் பெஞ்சில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புதிதோ பழுது பார்த்ததோ, திரும்ப மாட்டும்போது செம்பு வாஷர் புதிதாக இருக்க வேண்டும். பெரும்பாலான இன்ஜின்களில் இன்ஜெக்டர் மேலே எழுதியிருக்கும் குறியீட்டை (code) ஸ்கேனரில் ஏற்றவும் வேண்டும். அதை விட்டுவிட்டு "புது இன்ஜெக்டர் போட்டும் திக்குது" என்று வருபவர்கள் நிறைய.

எந்த சிலிண்டரை நிறுத்தினாலும் சத்தம் குறையவில்லை, லோடு ஏற ஏற கனமாகிறது, ஆயில் பிரஷரும் குறைவு என்றால் அது இன்ஜினுக்குள் இருக்கும் பேரிங்காக இருக்கலாம். அங்கேயே நிறுத்திக் கட்டி இழுத்துப் போங்கள்.

அதே நாமக்கல் அண்ணன்: பழைய வண்டியில் நாசில் பைப்பை (இன்ஜெக்டருக்கு டீசல் போகும் குழாய்) லூஸ் பண்ணி எந்த சிலிண்டர் என்று பார்ப்போமே, அப்படிச் செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. இன்ஜின் ஓடும்போது காமன் ரெயில் பைப்பைத் தொடாதீர்கள். ஐடிலிலேயே 300 பார் அளவில் இருக்கும், லோடில் 1600 பாரும் அதற்கு மேலும் போகும். அந்த வேகத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல் ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே வராது. ஆனால் உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க நேரிடலாம். அப்படிப் பட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், "உயர் அழுத்த டீசல் உள்ளே போயிருக்கிறது" என்று முதலிலேயே சொல்லுங்கள். கசிவு தேடும்போதும் கையால் தடவாதீர்கள், அட்டையைக் காட்டிப் பாருங்கள்.

கரூரிலிருந்து: விசில் சத்தம் கேட்டால் டர்போ போய்விட்டதா?

பதில்: இல்லை. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற பொருள், மெல்லிய விசில் இருக்கத்தான் செய்யும். முன்பு இல்லாத சத்தம் புதிதாக, ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஏறி இறங்கினால் உடனே பாருங்கள்.

தென்காசியிலிருந்து: நின்றிருக்கும்போது 'கரகர'. கிளட்ச் மிதித்தால் நின்றுவிடுகிறது.

பதில்: இன்ஜின் கோளாறு இல்லை. கியர்பாக்ஸ் முன் பேரிங் அல்லது ஃபிளைவீல் பக்கம் பாருங்கள். மிதிக்கும்போது சத்தம் வந்தால் கிளட்சை விலக்கும் ரிலீஸ் பேரிங்.

ஓசூரிலிருந்து: ஈஜிஆர் வால்வை (புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் வால்வு) அடைத்துவிட்டால் திக்குவது நிற்கும் என்கிறார்களே, சார்?

பதில்: கழற்றிக் கரியைச் சுத்தம் செய்யுங்கள், அடைக்காதீர்கள். புகைச் சட்டத்துக்கு விரோதம், ஈசியூவும் கண்டுபிடித்து எச்சரிக்கை விளக்கு போடும். கரி படிந்து வால்வு மூடாமல் நின்றால் குறைந்த ஆர்பிஎம்மில் ஜெர்க்கும் கரும்புகையும் வரும். சுத்தம் செய்தாலே அது சரியாகிவிடும்.

திண்டிவனத்திலிருந்து: அண்ணா, நேற்று நீலப்புகை வந்தது, சாவியை அணைத்தும் இன்ஜின் நிற்காமல் தானாக ரேஸ் ஆனது. பயந்து ஓடிவிட்டோம். இப்போது புது டர்போ மாட்டச் சொல்கிறார்கள்.

பதில்: ஓடியதில் தவறே இல்லை, ஆள்தான் முக்கியம். டர்போவின் ஆயில் சீல் போய், இன்ஜின் தன் ஆயிலையே குடித்து ஓடியிருக்கிறது. சாவி டீசலைத்தான் நிறுத்தும், ஆயிலை நிறுத்தாது. மேனுவல் கியர் வண்டியில் டாப் கியர் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டால் இன்ஜின் மூச்சடைத்து நிற்கும். காற்று வாயைக் கையாலோ துணியாலோ அடைக்கப் போகாதீர்கள், உள்ளே இழுத்துவிடும்.

புது டர்போ மாட்டுவதற்கு முன், டர்போவுக்குப் போகும் ஆயில் பைப்பில் கரி அடைத்திருக்கிறதா, திரும்பி வரும் பைப் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அவ்வளவு நேரம் ரேஸ் ஆன இன்ஜினில் கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தம்) பார்க்க வேண்டும். இன்டர்கூலரையும் ஹோஸ்களையும் கழற்றி, தேங்கிய ஆயிலை ஒரு சொட்டு விடாமல் வடித்துக் கழுவிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இல்லையென்றால் மிச்சமிருக்கிற ஆயிலிலேயே மறுபடி ரேஸ் ஆகும்.